பங்குனியில் பூட்டிய வீடுகள்

சிற்றாற்றுப்புதூர்,
தென்காசி வழி.
6-4-2025

அன்புள்ள தங்கை ஆனந்தவள்ளிக்கு அண்ணன் சிவசைலம் எழுதுவது.

இங்கு நானும் உன் மதினி ரெங்கம்மாளும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காதுக்குப் புதுக் கருவி வாங்கினாயா? தொலைபேசியில் நான் கத்துவதும் நீ "என்ன, என்ன" என்பதும் பக்கத்து வீட்டாருக்குத்தான் பொழுதுபோக்காக இருந்தது. நமக்குக் கடிதமே நல்லது.

ஒரு செய்தி. நம் பேரூராட்சியில் வீட்டுத் தீர்வையை நூற்றுக்கு இருபத்தைந்து கூட்டப் போகிறார்கள். ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. காரணம் என்று போட்டிருப்பது, "ஓய்வுபெற்ற துப்புரவுப் பணியாளர்களின் மாத ஓய்வூதியச் செலவின் பொருட்டு." மொத்தம் முப்பத்தொரு பேர். இருபது, இருபத்தைந்து வருடம் தொகுப்பூதியத்தில் தெருக் கூட்டி, அறுபது வயதில் ஒரு மாலையும் ஒரு டிபன் பாக்ஸும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள். அவர்களுக்கு மாதம் மூவாயிரம் கொடுப்பதென்று போன வருடம் மன்றத்தில் தீர்மானம் போட்டுக் கைதட்டினார்கள். பணம் எங்கிருந்து வரும் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

இப்போது ஊர் கொதிக்கிறது. கொதிப்பெல்லாம் பென்ஷன் என்ற சொல்லின் மேல். நேற்று பிச்சைமணி டீக்கடைக்குப் போனேன். "ஏலே, எந்திரிச்சு இடம் விடுங்கலே. பென்ஷன்காரவுக வாராவ. நம்ம தீர்வையில டீ குடிக்கணும்லா" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். பில் கலெக்டராகவும் வரி எழுத்தராகவும் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்ததற்கு உரியதைத்தான் நான் வாங்குகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. டீயும் குடிக்கவில்லை. காசை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

சுபாஷுக்கும் மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்.

உன் அண்ணன்,
சிவசைலம்


நாக்பூர்
20-4-2025

அண்ணாச்சிக்கு ஆனந்தவள்ளி வணங்கி எழுதுவது.

உங்கள் கடிதம் பத்து நாள் கழித்து வந்தது. முழங்கால் அப்படியேதான். கருவி வாங்கினேன். மாட்டினால் மிக்ஸி சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கிறது. மதினிக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறதா?

தீர்வை விஷயத்தைச் சுபாஷிடம் காட்டினேன். குதித்துவிட்டான். அவன் குதித்தது இருக்கட்டும், எனக்கே வயிறு எரிகிறது. அப்பா எனக்கென்று எழுதி வைத்த வீடு அது ஒன்றுதான். வருடத்தில் ஒன்பது மாதம் பூட்டிக் கிடக்கிறது. பூட்டிக் கிடக்கிற வீட்டில் என்ன குப்பை விழும்? யார் வந்து அள்ளினார்கள்? அவர்களுக்கு நான் எதற்குப் பென்ஷன் கொடுக்க வேண்டும்? எனக்கும்தான் பென்ஷன் வருகிறது. அது சுபாஷ் அப்பா ரயில்வேயில் உழைத்த காசு. ஊரார் வீட்டுத் தீர்வையைக் கூட்டியா எனக்குக் கொடுத்தார்கள்?

என் பேரில் ஒரு ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிடுங்கள் அண்ணாச்சி. உங்கள் கையெழுத்துக்கு அந்த ஆபீசில் இன்னும் மரியாதை இருக்கும்.

தங்கச்சி,
ஆனந்தவள்ளி


சிற்றாற்றுப்புதூர்
5-5-2025

அன்புள்ள ஆனந்தவள்ளிக்கு,

அனைவரும் நலமா? ரெங்கம்மாளுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. மாம்பழம் வந்துவிட்டதால் இனிக் கூடும்.

வெள்ளிக்கிழமை சமுதாயக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. தலைவர் அதீபா என்ற அம்மாள், பொறுமைசாலி. ஆறாவது வார்டு உறுப்பினர் குற்றாலீஸ்வரன்தான் அதிகம் பேசினார். அருவி சாலையில் இரண்டு தங்கும் விடுதி வைத்திருப்பவர். "குப்பை அள்ளுனதுக்குச் சம்பளம் வாங்கியாச்சு. இனி வீட்டுல சும்மா இருக்கதுக்கும் ஒரு சம்பளமா? அப்ப எனக்கும் ஒண்ணு போடுங்க" என்றார்.

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து இசக்கிசெல்வி என்று ஒருத்தி எழுந்தாள். பஸ் நிலையத்தையும் குளிக்கும் துறையையும் இருபத்தாறு வருடம் கூட்டியவள். "நானா சும்மா இருக்கேன்? உம்ம லாட்ஜ் விரிப்பெல்லாம் யாரு துவைக்கா அண்ணாச்சி? ஆனியில இருந்து ஆவணி வரைக்கும் என் கையில தோலு இருக்காது. அறுபத்தி மூணு வயசுல விரிப்புக்கு ஆறு ரூவா. அதுலயும் கறை போகலன்னு ரெண்டு ரூவா பிடிக்கீரே, சும்மா இருக்கதுக்கா?" என்றாள். கூடம் சிரித்தது. குற்றாலீஸ்வரன், "ஏட்டி, உக்காரு. கறையப் பத்திப் பேசுத இடமா இது?" என்றார். அவள் உட்காரவில்லை. மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அவள் மைக் இல்லாமல் பேசினாள்.

எனக்கும் பேச வேண்டியது ஒன்று இருந்தது. ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பேர் கொடுக்கவில்லை. அது தேவையா, நான் கணக்கிட்டது சரியா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே கூட்டம் முடிந்துவிட்டது.

அடுத்த கூட்டம் ஜூலையில்.

அண்ணன்,
சிவசைலம்


நாக்பூர்
16-5-2025

அண்ணாச்சிக்கு,

இங்கே வெயில் நாற்பத்தைந்து. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

என் ஆட்சேபணையைக் கொடுத்தீர்களா இல்லையா? இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நாள் முடிந்துவிடும் என்று சுபாஷ் தினமும் கேட்கிறான்.

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தீர்கள்?

ஆனந்தவள்ளி


சிற்றாற்றுப்புதூர்
28-5-2025

அன்புள்ள ஆனந்தவள்ளிக்கு,

வெயில் தணிந்ததா? இங்கே நேற்று முதல் சாரல். அருவியில் தண்ணீர் வந்துவிட்டதாம்; வேன்கள் வரத் தொடங்கிவிட்டன.

ஆட்சேபணையை நான் கொடுக்கவில்லை. ஏன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். தவறாக எழுதினால் திருத்து.

பூட்டிய வீட்டுக்குப் பாதித் தீர்வைதான். அது நியாயமான விதி. பூட்டியிருக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து எழுத வேண்டும். அந்த வேலை என்னிடம் இருந்தது. நிதியாண்டு மார்ச்சில் முடிவதால் பங்குனியில் போவோம். பங்குனியில் அருவி வெறும் பாறை. வெளியூர் ஆள் ஒருவரும் இருக்க மாட்டார். நான் வீடு வீடாகப் போய்ப் பூட்டைக் கையால் இழுத்துப் பார்ப்பேன். இழுத்துப் பார்த்த பிறகே "பூட்டியிருக்கிறது" என்று எழுதுவேன். ஒன்றைக்கூட உட்கார்ந்த இடத்தில் எழுதியதில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

ஆனால் ஆனி, ஆடியில் அதே வீடுகளில் அறைக்குப் பத்துப் பேர். நாள் வாடகை. அவை வீடுகள் அல்ல, விடுதிகள். இதைப் பார்க்க யாரும் போனதில்லை. சீசன் மூன்று மாதமும் அலுவலகம் முழுக்க அருவியில்தான் இருக்கும். நான் வண்டி நிறுத்தும் இடத்தில் சீட்டுக் கிழிப்பேன். "சீசன் டூட்டி" என்று அதற்குப் பெயர். பரிசோதனை பங்குனியில்தான் என்பது எனக்கு முன்பே இருந்த வழக்கம். ஒருமுறை, 1998-இல், ஆடியிலும் ஒரு தடவை பார்க்கலாமே என்று குறிப்பு எழுதி வைத்தேன். அதிகாரி படித்துவிட்டு, "சிவசைலம், ஆடிச் சாரல்ல அலைய உமக்குக் குளிரல?" என்று கேட்டார். மறுபடி எழுதவில்லை. நான் எழுதியது ஒவ்வொன்றும் உண்மை. எல்லாம் சேர்ந்தால் பொய்.

அப்படிப்பட்ட வீடுகள் இன்று நூற்று நாற்பத்து மூன்று. நான் ஓய்வுபெற்ற பிறகும் பழைய பதிவேட்டைப் பார்த்தே எழுதி வருகிறார்கள். அவற்றுக்கு விடுதித் தீர்வை போட்டாலே முப்பத்தொரு பேருக்கும் கொடுத்து மீதி இருக்கும். கூலிக்காரன் வீட்டுக்கு இருபத்தைந்து கூட்ட வேண்டியதில்லை. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். அதுதான் அந்தத் தாள்.

பட்டியலை இத்துடன் வைக்கவில்லை.

அண்ணன்,
சிவசைலம்


நாக்பூர்
24-6-2025

மாமா அவர்களுக்கு சுபாஷ் எழுதுவது. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அம்மா ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. உங்கள் கடிதம்தான் காரணம். அவர்களுக்கு இரத்த அழுத்தம் இருப்பது உங்களுக்குத் தெரியும்.

சட்டம் தெரிந்த நண்பரிடம் கேட்டேன். இந்த விஷயம் வெளியே வந்தால் முதல் விசாரணை வீட்டுக்காரர்கள் மேல் வராது. பதிவேட்டில் கையெழுத்து யாருடையதோ அவர் மேல்தான் வரும். எல்லாக் கையெழுத்தும் உங்களுடையது மாமா. எழுபத்து நான்கு வயதில் உங்கள் பென்ஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அத்தையின் மருந்துக்கு என்ன செய்வீர்கள்? அக்கறையில் சொல்கிறேன்.

ஊரில் நூறு பேர் செய்வதைத்தான் நாங்களும் செய்கிறோம்.

சுபாஷ்


நாக்பூர்
6-7-2025

அண்ணாச்சிக்கு,

மதினி நலமா? நான் சாப்பிடுகிறேன். சுபாஷ் உங்களுக்கு எழுதியது எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் பேத்தி காட்டினாள். நான் சாப்பிடாமல் கிடக்கிறேன் என்று எழுதியிருக்கிறான். என் வயிற்றை வைத்து அவன் பேரம் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீராது. 2004-லிருந்து சுபாஷ் வீட்டைச் சீசனுக்கு விடுகிறான். நீங்கள் ஒவ்வொரு ஆடியிலும் அந்தத் தெரு வழியாகத்தான் பால் வாங்கப் போனீர்கள். வாசலில் வேன் நிற்பதைப் பார்த்தீர்கள். ஒரு நாள் என்னிடம் கேட்டீர்களா? "ஏட்டி, இது சரியில்ல" என்று ஒரு வார்த்தை? இத்தனை வருடம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, இப்போது என் வீட்டைக் காட்டி நீங்கள் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறீர்கள்.

நானும் கேட்டதில்லை. ஒவ்வொரு ஆவணியிலும் சுபாஷ் எனக்கு ஒரு பட்டு எடுத்துத் தருவான். எந்தக் காசில் என்று கேட்காமல் உடுத்தினேன். இந்த வாரம் கேட்டேன், சீசனுக்கு என்ன வரும் என்று. சொன்னான். என் வருடப் பென்ஷனைவிட அதிகம்.

எங்கள் வீடு பட்டியலில் எத்தனாவது? அதை மட்டும் எழுதுங்கள். வேறொன்றும் எழுத வேண்டாம்.

ஆனந்தவள்ளி


சிற்றாற்றுப்புதூர்
19-7-2025

அன்புள்ள ஆனந்தவள்ளிக்கு,

எழுபத்திரண்டாவது.

வேறு எழுத வேண்டாம் என்றாய். நேற்று நடந்ததை நீ மற்றவர் வாயால் கேட்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். உன் கடிதத்தில் உள்ளது அத்தனையும் சரி. அதைப் படித்த பிறகு மூன்று நாள் பால் வாங்க வேறு தெரு வழியாகப் போனேன். பிறகு அதுவும் வெட்கமாக இருந்தது.

நேற்று மன்றக் கூட்டம். பொதுமக்களும் இருக்கலாம் என்று தலைவர் சொல்லியிருந்தார். குற்றாலீஸ்வரன், "பென்ஷன் தீர்மானத்த ரத்துப் பண்ணிருவோம். தீர்வையும் கூட்டாண்டாம், ஊரும் சந்தோசமாப் போகும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா" என்றார். பாதி உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். இசக்கிசெல்வியோடு வந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி எழுந்து செருப்பைத் தேடினாள். அவ்வளவுதான், அவர்களுடைய இருபது, இருபத்தைந்து வருடமும் முடிந்தது.

நான் எழுந்துவிட்டேன். எழுந்ததே நிற்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தாளை எடுத்தேன். சட்டைப் பையில் கிடந்து வியர்வையில் எழுத்துக் கலைந்திருந்தது.

"தலைவரம்மா, வாசிக்க முடியல. ஆடி பொறந்தாச்சு. எல்லாரும் என்கூட ரெண்டு தெரு நடந்து வந்தாப் போதும்" என்றேன்.

"எதுக்குவே மழையில?" என்றார் குற்றாலீஸ்வரன்.

"பூட்டை இழுத்துப் பாக்கதுக்கு."

அதீபா அம்மாள் எழுந்தார். பிறகு பதிவேட்டைப் பாலிதீனில் சுற்றச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார். தலைவர் எழுந்தபின் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? நாற்பது பேர் சாரலில் நடந்தோம். எந்த வீட்டிலிருந்தும் தொடங்கியிருக்கலாம். நான் உன் வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.

வாசலில் இரண்டு வேன். சுவர் முழுக்க ஈரத் துண்டு. உள்ளேயிருந்து தலையிலிருந்து கால் வரை எண்ணெய் பூசிய ஒருவர் வந்தார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "ரூம் இல்ல சார். நாங்களே பதினாறு பேர் இருக்கோம். இம்புட்டுப் பேருக்கு எங்க போவீக?" என்றார். அதீபா அம்மாள் பதிவேட்டைப் பார்த்து, "இது பூட்டிய வீடுன்னு இருக்கே" என்றார். "பூட்டுன வீட்டுலதான் முந்தாநாளு பதினாலு விரிப்பு எடுத்துட்டுப் போனேன்" என்றாள் இசக்கிசெல்வி.

நான் சொன்னேன்: "இது என் தங்கச்சி வீடு. பூட்டியிருக்குன்னு எழுதுன கை இந்தக் கைதான்."

"கேட்டியளா? கள்ளன் தானே ஒத்துக்கிட்டான்" என்று குற்றாலீஸ்வரன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா" என்றேன். "அடுத்த வீடு உங்களுது. வாங்க."

உன் பெயரை நாற்பது பேர் முன்னால் சொன்னேன். உன் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ மறுத்திருப்பாய் என்ற பயம் மட்டும் காரணமில்லை. சரி என்று நீ சொல்லிவிட்டால் நான் கட்டாயம் எழுந்தாக வேண்டும், அந்தப் பயமும் இருந்தது.

அண்ணன்,
சிவசைலம்


சிற்றாற்றுப்புதூர்
9-8-2025

அன்புள்ள ஆனந்தவள்ளிக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

மன்றத்தில் முடிவானது இது. தீர்வை உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. நூற்று நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்களும் தங்கள் வீடு எப்படிப் பயன்படுகிறது என்று ஆகஸ்டு 29-க்குள் தாமே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவரும் கொடுக்காவிட்டால் வீடுகளை ஆள் வைத்து அளக்க ஒரு வருடம் ஆகும். அதுவரை பென்ஷனும் இல்லை. செப்டம்பர் கூட்டத்தில் தீர்மானத்தை ரத்துசெய்யப் போதுமான கை தன்னிடம் இருப்பதாகக் குற்றாலீஸ்வரன் வெளிப்படையாகவே சொல்லித் திரிகிறார். "ஒருத்தனும் எழுதிக் குடுக்க மாட்டான். கிறுக்கனா அவன்?" என்கிறார். இன்று வரை ஒரு தாள்கூட வரவில்லை.

எனக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. ரெங்கம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "பென்ஷன் நின்னுருமா?" என்று கேட்டாள். நின்றாலும் நிற்கும் என்றேன். "நிக்கட்டும். அந்தப் பொம்பளையள் எல்லாம் இத்தனை வருசம் அது இல்லாமத்தான இருந்தாளுவ" என்றாள். களைவதை நிறுத்தவில்லை. நான்தான் வெளியே போய் நின்றேன்.

விளக்கத்தில் ஒரு வரிதான் எழுதினேன்: "பரிசோதனையைத் தவறான மாதத்தில் செய்தேன். தவறு என்று தெரிந்தே செய்தேன்."

அண்ணன்,
சிவசைலம்


நாக்பூர்
18-8-2025

அண்ணாச்சிக்கு,

கீழே உள்ளதை அப்படியே ஆபீசில் சேர்த்துவிடுங்கள். தபாலில் போட்டால் காணாமல் போனது என்பார்கள்.

"செயல் அலுவலர் அவர்களுக்கு. கதவு எண் 4/117 வீட்டின் உரிமையாளர் ஆனந்தவள்ளி எழுதுவது. மேற்படி வீடு பூட்டிய வீடு அல்ல. 2004 முதல் ஒவ்வொரு ஆண்டும் ஆனி முதல் ஆவணி வரை நாள் வாடகைக்கு விடப்பட்டு வருகிறது. அறைகள் ஐந்து. இதற்குரிய தீர்வையைப் போடவும். விட்டுப்போன ஆண்டுகளுக்கும் சேர்த்துப் போடவும். எழுதிய எழுத்தரைக் கேட்பதற்கு முன் அனுபவித்த என்னைக் கேட்கவும்."

சுபாஷ் கையெழுத்துப் போடக் கூடாது என்றான். வீடு யார் பேரில் இருக்கிறது என்று கேட்டேன். கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனான்.

இதை உங்களுக்காகச் செய்யவில்லை. நீங்கள் கேட்காமல் என் பேரைச் சொன்னது சொன்னதுதான். தீபாவளிக்கு வர மாட்டேன்.

மதினியை மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

ஆனந்தவள்ளி


சிற்றாற்றுப்புதூர்
30-8-2025

அன்புள்ள ஆனந்தவள்ளிக்கு,

உன் கடிதம் 26-ஆம் தேதி வந்தது. அன்றே கொண்டுபோனேன். வரிப் பிரிவில் உமாராணி என்ற பெண் இருக்கிறாள். இரண்டு முறை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணாச்சி, இதுக்குன்னு ஒரு ரிஜிஸ்டர் போட்டு ஒரு மாசமா வெறுமன கிடக்கு" என்றாள். முதல் பக்கத்தைத் திறந்து, வரிசை எண் ஒன்று என்று எழுதி, உன் பெயரை எழுதினாள். ஒப்புகைச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். பத்திரமாக வை.

அன்று மாலையே ஊருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் முகம்மது யூசுப் என்பவர் வந்து எழுதிக் கொடுத்தார். அச்சன்புதூர்க்காரர், துபாயில் இருந்து திரும்பியவர். "நாக்பூர்ல இருக்க பொம்பளைக்கு இருக்க ரோசம் நமக்கு வேண்டாமா?" என்று கேட்டுவிட்டுப் போனாராம். நேற்று மாலை ஐந்தே முக்காலுக்கு இன்னொருவர். ஆக மூன்று.

ரத்துசெய்யும் தீர்மானம் அடுத்த மாதம் 12-ஆம் தேதி வருகிறது. மூன்று தாளை வைத்துக்கொண்டு அதீபா அம்மாள் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிப்பார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பேசுவதற்கு என் பேரைக் கொடுத்துவிட்டேன். எனக்கு அடுத்த பேர் இசக்கிசெல்வி. இந்த முறை மைக்கை அவளிடமிருந்து வாங்கினால் என்னிடமிருந்தும் வாங்க வேண்டியிருக்கும்.

தீபாவளிக்கு நீ வர வேண்டாம். கோபம் இருக்கும்வரை இரு.

இங்கே நல்ல மழை. அருவியில் கூட்டம் தாங்கவில்லை. தெருவில் நடக்க வழியில்லாமல் வண்டிகள். அவற்றின் நடுவே நூற்று நாற்பது வீடுகள் இன்னும் பூட்டித்தான் இருக்கின்றன.

அண்ணன்,
சிவசைலம்